ரப்பர் பால் பூசிய போட்

என் தம்பி சுமன் கரவனெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவன். மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும், அடுப்பும் பாதி நாள் தூங்கும். அது வெறுத்துப்போய் நீர்கொழும்பில் அந்தனி முதலாளியிடம் மீன்பிடி போட் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தான். வேலை நிரந்தரமானதும் பெண்சாதி ஜீவராணியை அங்கே கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

கடலில் கிடக்கும் போட்டின் அடியில் கொட்டலசு என்று ஒரு சனியன் ஒட்டும். வெளியே சுண்ணாம்புக் கூடு, உள்ளே பூச்சி. தொட்டால் பிளேடு மாதிரி கீறும். அதைச் சுரண்டிவிட்டு, மறுபடி ஒட்டாமலிருக்க நஞ்சு கலந்த பெயின்ட் அடிப்பார்கள். இவனுக்கு அது போதவில்லை.

"அதுக்கு மேல ரப்பர் பால் பூசினா தண்ணியே உள்ள போகாதுக்கா. பூச்சி எங்க போகும்?" என்று போனில் பெருமையடித்தான். முதலாளியிடம் சொல்லாமல், ஊரிலிருந்து கேனில் பால் கொண்டுபோய்ப் பூசியும்விட்டான்.

பிறகு ஒருநாள் ஜீவராணி அழுதுகொண்டு வந்தாள். "அண்ணி, அவர வேலைய விட்டுத் துரத்தப் போறாங்களாம்." இருவரும் பஸ் ஏறினோம்.

போட்டைக் கரையேற்றியிருந்தார்கள். அடிவயிறு முழுக்க வெள்ளைத் தோல் ஊறித் தொங்கியது. அதன்மேல் கொட்டலசு அம்மைக் கொப்புளம் மாதிரி அப்பியிருந்தது. செத்த பூச்சியும் அழுகிய ரப்பரும் வெயிலில் வெந்து நாறின. தோட்டத்துப் பீலிக்கான் சாக்கடையில் எலி செத்துக் கிடந்தாலும் அப்படி நாறாது.

"நஞ்ச மூடி வச்சா பூச்சிக்கு என்னடா பயம்? பாய் விரிச்சுக் குடுத்திருக்க," என்றார் முதலாளி. "இருட்டுறதுக்குள்ள போட் சுத்தமாகணும். இல்லாட்டி அக்காவோட ஊருக்குப் போ."

"அக்கா, நீ ஒண்ணும் சொல்லாத," என்றான் சுமன்.

"வாயத் தொறந்தா வாந்தி வருது, எங்கடா சொல்றது? கத்திய எடு."

தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த பால் வெட்டும் கத்தியால், மரப்பட்டையைச் சீவுவதுபோல, அடியிலுள்ள பெயின்ட் கீறுபடாமல் தோலை மட்டும் கோடு கோடாக வெட்டினான். நானும் ஜீவராணியும் பிடித்து இழுத்தோம். கொட்டலசோடு பட்டை பட்டையாகக் கழன்றது. சளி மாதிரி ஒரு தண்ணீர் கைவழியே இறங்கி அக்குள் வரை போனது. ஜீவராணி ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி இழுத்தாள்.

பொழுது சாயும்போது முதலாளி அடியைத் தடவிப் பார்த்தார்.

"சரி, வேலை இருக்கு. பெயின்ட் பக்கம் மட்டும் போயிராத. தங்கச்சி, உனக்கும் இங்க ஒரு ரூம் பாப்போமா?"

"ரூம் கெடக்கட்டுங்க முதலாளி," என்றாள் ஜீவராணி. "முதல்ல பைப் எங்க இருக்குன்னு சொல்லுங்க."