வாயைப் பிளக்காத பையன்

ஈர உருளைக்கிழங்கின் மண்வாசனை சட்டையெல்லாம் ஏற, மூட்டைகளின் மேல் படுத்தபடி மலைமேல் இருக்கும் மன்னவனூரிலிருந்து மதுரைக்கு லாரியில் இறங்கியபோது எனக்குப் பதினோரு வயதிருக்கும். பன்னிரண்டு என்பாள் அக்கா, அவள் எதையும் ஒன்று கூட்டித்தான் சொல்வாள். லாரிக்காரர் வடகவுஞ்சிக்காரர், வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வெற்றிலை போடுகிறவர், அதனால் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. மதுரைச் சந்தையில் மூட்டை தூக்கிய சித்தப்பா வீட்டில் தங்கி நான் ஏதாவது "சோலி" பழகட்டும் என்று அப்பா அனுப்பியிருந்தார். கையில் அவருடைய கம்பளி.

அங்கே எல்லோரும் தெருவில்தான் படுத்தார்கள். நான் குளிருக்காகக் காத்திருந்தேன். எங்கள் ஊரில் இருட்டினால் குளிரும். மதுரையில் கொஞ்சம் தாமதமாக வரும்போலிருக்கிறது என்று எண்ணி, வருவதற்கு முன்பே கம்பளியைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டேன். சித்திரை மாதம். விடிந்தபோது குளத்தில் விழுந்தவன்போல் நனைந்து கிடந்தேன், தெருவே கூடி நின்று சிரித்தது.

"ஏலே, மலைக்கரடி முழிச்சிருச்சுடா," என்றார் எதிர்வீட்டுத் தையற்காரர்.

"நீங்க கரடியப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன்," என்றேன்.

"அந்தக் கருமத்தத் தூரப் போடுறா, பாக்குற எனக்கே வேர்க்குது. கீழ வந்தா கீழ உள்ளவுக மாதிரி இருக்கப் பழகு," என்றாள் சித்தி.

முதல் இரவு தெரியாமல் போர்த்தினேன், அடுத்த இரவிலிருந்து தெரிந்தே போர்த்தினேன். முதுகெல்லாம் வேர்க்குரு. கழற்றினால் அவர்கள் சிரித்தது சரியென்று ஆகிவிடும் அல்லவா. ஆடி பிறப்பதற்குள் வடகவுஞ்சிக்காரர் லாரியைச் சந்தையில் பார்த்தேன், ஏறிவிட்டேன். "பட்டணத்துல தாக்குப்பிடிக்க மாட்டாம ஓடியாந்துட்டான்" என்று ஊரில் பேசினார்கள். எனக்கு மதுரை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கிளறிவிட்டவள் என் பேத்தி கயல். சென்னையில் டிவி சீரியலுக்கு எழுதுகிறாள். போன வருஷம் ஒருநாள் போன் செய்தாள்.

"தாத்தா, மன்னவனூர்ப் பையன் ஒருத்தன் பட்டணத்துக்கு வர்றான். பஸ்ஸ விட்டு எறங்குனதும் கட்டடத்தப் பாத்து வாயப் பொளக்கணுமாம். நீங்க எப்படி நின்னீங்க?"

"ஏத்தா, நம்ம வீட்டுப் பின்னாடி நின்னா மேகம் காலுக்குக் கீழ போகும். நாலு மாடியப் பாத்து நான் எதுக்கு வாயப் பொளக்கணும்?"

சிரித்தாள். பிறகு கம்பளிக் கதையைக் கேட்டு வாங்கி எழுதினாள். டிவியில் அந்தப் பையன் மொட்டைமாடியில் தலை வரை மூடிப் படுத்ததை ஊரோடு உட்கார்ந்து பார்த்தோம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் மறுவாரமே அவள் குரல் இறங்கியிருந்தது. பையன் வெட்கப்பட்டுக் கம்பளியைக் குப்பையில் போட்டு, மன்னிப்புக் கேட்டு, பட்டணத்தானாக மாற வேண்டுமாம். டிவிக்காரர்களில் மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க எப்பக் கழட்டுனீங்க தாத்தா?"

"கழட்டல. அப்படியே லாரி ஏறிட்டேன்."

"அத எழுதுனா அவன் கதைய விட்டே போயிருவான்."

"போகட்டும்."

"எனக்கும் சோலி போயிரும் தாத்தா."

சென்னையில் வாடகை கொடுப்பவள் அவள், நானா கொடுக்கிறேன்? "உன் சோலி, நீ பாத்துக்க. அவனக் குனிய வைக்கிறதா இருந்தா நம்ம ஊர்ப் பேர எடுத்துரு," என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஊர்ப் பெயரை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், கம்பளியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு லாரி ஏறினான். கயலுக்கு வேலை போகவில்லை. மாமியார் மருமகள் சண்டையை எழுதக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் மருமகள் இன்னும் காலில் விழவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊரிலேயே இப்போது கோடையில் காற்றாடி சுழலும் வீடுகள் வந்துவிட்டன. கம்பளி போர்த்துகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். டிவியிலும் அந்தப் பையன் இல்லை. "எங்க, உங்க பையனக் காணோமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சீண்டுகிறார்கள்.

"ஊருக்கு வந்துட்டான்," என்கிறேன்.