தேக்காவில் ஒரு சிகரெட்

பையில் முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருக்க, சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு வெளியே என் சித்தப்பா ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தொந்தியும் மூச்சிரைப்பும் உள்ள மனிதர். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவர். ஆட்டிறைச்சியோடு வெளியே வந்த நான் திகைத்து நின்றேன். "பஸ் வந்துடுச்சுன்னு நினைச்சேன்" என்றார் பிறகு.

நடந்தது வேறு. புகைப்பதை விட்டுவிட்டதாக மாதா படத்தின் முன் சித்தியிடம் சத்தியம் செய்திருந்தவர், புகைக்கத் தடையுள்ள பேருந்து நிறுத்தத்தில் சிகரெட்டோடு அமலாக்க அதிகாரியிடம் மாட்டிக்கொண்டார். அபராதத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அபராதக் கடிதம் ஈசூனில் உள்ள அவர் வீட்டுக்கு வந்தால் சித்தி பிரித்துவிடுவாரே! பெயர் கேட்டதும் தயங்காமல் என் அப்பாவின் பெயரையும் அடையாள எண்ணையும் ஒப்பித்தார். அடையாள அட்டையைக் கேட்டதும் ஓடினார். காய்கறிக்கடை வாசலில் கையைப் பிடித்த அதிகாரியை உதறித் தள்ள, அவர் தேங்காய்க் குவியல்மேல் விழுந்து மணிக்கட்டு பிசகியது.

கிளமெண்டியில் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. சிகரெட்டையே தொடாத, தேவாலயத்தில் பாடுகிற அப்பா, "நானா ஓடினேன்? எனக்கு முட்டிவலி லா!" என்றார். அவர்கள் போனதும் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, இந்த ஒரு தடவ நீங்கதான்னு சொல்லிடுங்கண்ணே."

"தள்ளிவிட்டதும் நான்தான்னு சொல்லணுமாடா?"

"அதையும் சேத்துச் சொன்னா நல்லா இருக்கும்ணே."

அன்று மாலையே அப்பா அவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போனார். பொய்த் தகவல் தந்தது, பணியில் இருந்த அதிகாரியைத் தாக்கியது என்று குற்றச்சாட்டுகள் நீண்டன. சிகரெட் பிடித்தது பட்டியலின் கடைசியில் நின்றது. சில வாரச் சிறை.

நீதிமன்றத்தில் சித்தி மெதுவாகத்தான் கேட்டார்: "சிகரெட் பிடிச்சேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதுக்குப் பயந்தா ஜெயிலுக்குப் போறீங்க?" சித்தப்பா குழந்தைபோல் அழுதார். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நாங்கள் தலை குனிந்துகொண்டோம்.

விடுதலையான அன்று டாக்சியில் நானும் இருந்தேன். "வேற ஏதாச்சும் மறைச்சிருக்கீங்களா?" என்றார் சித்தி. மனிதர் முழுசாகத் திருந்தியிருந்தார். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு தேக்காவில் தின்ற ஜிலேபி, மிக்சி ஜாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் போட்ட பழி, மைத்துனர் கல்யாணத்துக்குப் போகாமலிருக்கச் சொன்ன பொய்க் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். ஈசூன் நெருங்கியும் பட்டியல் முடியவில்லை.

சித்தி அவர் வாயைப் பொத்தினார். "போதுங்க. மிச்சத்த மறைச்சே வச்சுக்கங்க."