மூன்றாம் வரிசைக்குப் பால் கிடையாது

மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, "இந்த உப்புக் கரிப்பை எப்படித்தான் குடிக்குதுங்களோ" என்று சொன்ன பிறகுதான் எலிக்கார அக்கா ஒட்டகப் பாலைக் குப்பிகளில் ஊற்ற ஆரம்பிப்பாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டு அவள் ராஜ்ஜியம். பதினாறு வருடமாக எலிகளுக்குத் தீனி வைப்பதும் மரத்தூள் மாற்றுவதும் அவள்தான். எலிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அக்கா பெயர் வைப்பதில்லை, உறவுமுறை வைத்துவிடுவாள். ஏழாம் எண் மாப்பிள்ளை: கடைசியாக எழுந்து முதல் ஆளாகத் தின்ன வருவான். முப்பத்தொன்று நாத்தனார்: கை நீட்டினால் கடிப்பாள். "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்ல" என்று வீட்டில் அவள் கவலைப்பட்டால், பெண்ணே பெறாத நமக்கு ஏது மாப்பிள்ளை என்று கணவர் கேட்பதில்லை. கேட்டு ஓய்ந்துவிட்டார்.

இந்த முறை நாற்பத்தெட்டு எலிகள், நான்கு வரிசை. முதல் வரிசைக்குத் தண்ணீர். இரண்டாவதற்குப் பால். மூன்றாவதற்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. நான்காவதற்கு நஞ்சும் பாலும். நஞ்சு செய்யும் கேட்டை ஒட்டகப் பால் தடுக்கிறதா என்று பார்ப்பது டாக்டரம்மாவின் ஆய்வு. அவள் இன்னும் பட்டம் வாங்கவில்லை. அக்கா முன்கூட்டியே கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் வரிசை மட்டும் என்ன பாவம் செய்தது என்று அக்கா முதல் நாளே கேட்டாள். பால் குடிக்காதவை எப்படி ஆகின்றன என்று தெரிந்தால்தானே குடித்தவற்றைப் பற்றிப் பேச முடியும் என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள். அக்காவின் மண்டைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

மூன்றாவது வாரம் நாத்தனார் கடிப்பதை நிறுத்தினாள். விரலை நீட்டினாலும் மூலையில் சுருண்டே கிடந்தாள். அன்று சாயங்காலம் டாக்டரம்மா கிளம்பியதும், கேனில் மிஞ்சிய பாலைச் சின்னத் தட்டில் ஊற்றி அக்கா கூண்டுக்குள் வைத்தாள். ஒருத்திக்கு வைத்துவிட்டு மற்ற பதினொன்றின் முகத்தில் எப்படி விழிப்பது? வரிசை முழுக்க வைத்தாள். தினமும் வைத்தாள். பத்தாம் நாள் நாத்தனார் அவள் சுண்டுவிரலைப் பதம் பார்த்தாள். அக்கா கட்டுப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது. ஈரல் கெட்டுச் சுருண்டு கிடக்க வேண்டிய மூன்றாம் வரிசை, நான்காம் வரிசையோடு போட்டி போட்டது. டாக்டரம்மா முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள், அப்புறம் நஞ்சை, கடைசியில் தன்னையே. நான்கு நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சாப்பிடாமல் ஒரு ஜீவன் எதிரில் உட்கார்ந்திருப்பதை அக்காவால் தாங்க முடியாது. ஐந்தாம் நாள் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. பேனாவை எடுத்தாள்.

"ஒரு கூண்டுக்கு எவ்வளவுக்கா ஊத்தினீங்க?"

"அளவெல்லாம் பாக்கல. மனசுக்குத் தோணினபடி."

"மனசு எத்தனை மில்லின்னு எழுதட்டும்?"

கேட்டவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கியது. மூன்று மாத உழைப்பு போயிற்று. பேராசிரியரிடம் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. வேலை தப்பியது. மெமோ அவளை ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதுதான் செய்தது.

"அப்போ மறுபடி ஒரு மூணாவது வரிசையா?"

"ஆமாக்கா. இன்னும் பன்னிரண்டு."

அக்கா அன்று வீட்டில் யார் வயிற்றைப் பற்றியும் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று கணவர் கேட்டதற்கு, நல்லது செய்யப் போய்ப் பன்னிரண்டு பேர் குடியைக் கெடுத்துவிட்டேன் என்றாள்.

புது எலிகள் வந்தன. அவற்றுக்கு உறவு எதுவும் வைக்கவில்லை. முதல் இரண்டு வரிசைகளின் குப்பிகளை நிரப்பினாள். மூன்றாவதில் தண்ணீர்க் குப்பிகளை மாட்டி முடித்தாள். சாயங்காலம், அடியில் பால் மிஞ்சிய கேனைக் கழுவ எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பொம்மைக் கடை வாசலில் அடம்பிடிக்கும் பிள்ளையை இழுத்துப் போவதுபோல, அந்தக் கையை இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.