வாட்ச்மேன் ரூமுக்கு வராத மணி

நம்புகிறவர்கள் நம்புங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். 1996-ல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் இது எனக்கே நடந்தது. அங்கே நான்தான் புரோகிராமர். பெயர் ஞானகுமாரி.

குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் வாட்ச்மேன் ரூம் கம்ப்யூட்டர் கத்த வேண்டும். அந்தப் புரோகிராம் என்னுடையது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு லோடுமேன் துலுக்கானம் உள்ளே மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்துப்போனார். மணி அடிக்கவே இல்லை என்றார் வாட்ச்மேன் கஜபதி. பயத்தில் பட்டனை மறந்திருப்பார் என்றது ஆபீஸ். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. வெட்கக்கேடு.

திங்கள் மாலை 6.40. மனசு கேட்கவில்லை. என் மேஜையிலிருந்தே வாட்ச்மேன் ரூமுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன்.

பக்கத்து ரூமிலிருந்து அக்கவுண்ட்ஸ் சுசீலா கத்தினாள். "ஏய், உன் சனியன் இங்க வந்து அலறுதுடி!"

புரோகிராமைத் திறந்து நம்பரைப் பார்த்தேன்.

வாட்ச்மேன் ரூமுக்குப் போன வாரம்தான் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதன் நம்பர் பத்து. பார்க்க வரிசையாக இருக்கட்டும் என்று எல்லா நம்பரையும் மூன்று இலக்கமாக எழுதுவது என் பழக்கம். 010 என்று எழுதியிருந்தேன். ஆனால் அந்த எழுத்தைப் படித்து கம்ப்யூட்டரின் விலாசமாக மாற்றும் ஃபங்ஷன் என்கிற புரோகிராம் துண்டுக்கு, முன்னால் சைபர் வந்தால் எட்டு எட்டாக எண்ணும் கணக்கு. அதற்கு 010 என்றால் எட்டு. எட்டாம் நம்பர் சுசீலாவின் கம்ப்யூட்டர். இரவில் அந்த ரூம் பூட்டியிருக்கும்.

அப்படியானால் துலுக்கானம் அழுத்தியிருந்தால்...?

சைபரை எடுத்துவிட்டு வாட்ச்மேன் ரூமுக்கு ஓடினேன்.

பீப்.

"இன்னா மேடம், டெஸ்ட்டா?" என்றார் கஜபதி.

"நான் இன்னும் எதுவும் அனுப்பலையே..."

பீப். பீப். திரையில் ஒரே வரி. குளிர் அறை. கதவைத் திற.

ஓடினோம். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. மெஷினை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஆனால் குளிர்...

தூரத்தில் பீப்... பீப்... பீப்...

"மன்னிச்சிடுங்கண்ணா," என்று அழுதேன்.

நின்றது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் நாகேந்திரனிடம் அந்தப் பட்டனைச் சோதிக்கச் சொன்னேன்.

"எந்தப் பட்டனு? போலீஸு சனிக்கெழமையே ஒயரோட புடுங்கிக்கினு பூட்டாங்களே."

"ஏன்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுல அவரோட நகம் ஒட்டிக்கினு இருந்துச்சு மேடம்."