ஏச்சுக்கு எழும்பும் கார்

உயிரோடு இருந்தவரை, மனைவி குணவதியிடம் ஏச்சு வாங்காமல் சோதிலிங்கம் ஒரு நாளும் படுக்கையை விட்டு எழும்பியதில்லை. எண்பத்தேழாம் ஆண்டில் மனுஷன் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு, புலம்பெயர்ந்து வந்த ரானுயி ஊரில் வீட்டு வாசலில் நின்ற அவருடைய பழைய காரும் அதே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் முனகும், ஏசினால்தான் கிளம்பும்.

"எழும்புங்கோவன்! ஊரே வேலைக்குப் போயிட்டுது!" என்று குணவதி ஸ்டியரிங்கில் அடிப்பாள். பின் சீட்டிலிருந்து மகள் கௌரி, "லௌடர், அம்மா!" என்று இன்னும் பலமாக ஏசச் சொல்வாள். கார் உறுமும். ஒரு வருடமாக இருவரும் அழவே இல்லை. காரை ஏசவே காலை போதவில்லை, அழ எங்கே நேரம்?

பக்கத்து வீட்டு மெக்கானிக் சுரேந்திரா தமிழ் பேசும் பிஜிக்காரர், மனைவியை இழந்தவர். பார்க்கப் பொறுக்காமல் ஒரு புது பேட்டரி மாட்டிக் கொடுத்தார். மறுநாள் சாவியைத் திருப்பியதும் கார் மரியாதையாகக் கிளம்பிவிட்டது.

"ஐயோ, அவர் போயிட்டார்!" என்று குணவதி ஸ்டியரிங்கில் கவிழ்ந்து அழுதாள். கௌரியும் அழுதாள். சுரேந்திரா பதறிப்போய் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்.

"அழாதீங்க, பழசையே போட்டுடுறேன்!"

"தொடாதேங்கோ!" என்று மூக்கைச் சிந்தினாள் குணவதி.

அடுத்த நாள் காலை அவள் சாவியைச் செருகினாள், திருப்பவில்லை. வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிறியள்? வந்து தள்ளுங்கோவன்!"

சுரேந்திரா டீக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

பின் சீட்டிலிருந்து கௌரி சொன்னாள்:

"லௌடர், அம்மா!"