சிங்கவரம் முனையில் வைத்த பேனர்

எழில் போகவிருந்த நாட்டுக்குப் பெயர் உண்டு. இங்கே அது வராது. அந்த நாட்டில் வேற்று மதத்தைப் போதிக்கப் போகிறவர்களுக்கு விசா கிடையாது. வேறு வேலை சொல்லிப் போய் மாட்டிக்கொண்டால் சிறை. வீட்டில் இடம் கொடுத்த உள்ளூர்க்காரர்களின் கதி அதைவிட மோசம். போனவர் இந்தியர் என்றால் என்றைக்காவது விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரரை எங்கே அனுப்புவது?

அதனால் எழிலையும் அவள் கணவன் வீரமணியையும் அனுப்ப ஒப்புக்கொண்ட மிஷனரி சங்கம், பயிற்சியின் முதல் நாளே ஒரு விதி சொன்னது. நாட்டின் பெயரைப் பேசக் கூடாது, எழுதக் கூடாது. கட்டாயம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் 'மாமா வீடு' என்று சொல்லலாம்.

இன்னொரு விதியும் இருந்தது. அங்கே தங்கும் காலத்துக்கான மாதச் செலவை அவர்களே திரட்ட வேண்டும். சபை சபையாகப் போய்ப் பேசி, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று சொல்லும் பங்காளர்களைச் சேர்க்க வேண்டும். முழுவதும் சேரும்வரை டிக்கெட் இல்லை.

சிங்கவரத்தில் பிறந்த எழில், செஞ்சி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலிக்காரர்கள், பைக்கில் விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். வீரமணி ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். திண்டிவனம் பக்கம் ஒரு சபை, திருவண்ணாமலை சாலையில் ஒரு சபை. ஆராதனை முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேடும் நேரத்தில் பத்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

மேல்சித்தாமூர் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு சபை. பாஸ்டர் இளையபெருமாள் மைக்கை எழிலிடம் கொடுக்குமுன் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், பேரே சொல்லாத ஊருக்கு யாரு காணிக்க போடுவாங்க? எங்க ஜனம் கடலக் கொல்லையில மல்லாட்ட புடுங்கி, அந்தக் கூலியில குடுக்குது. எங்க போவுதுன்னு கேக்காதா?"

"கிழக்கால ஒரு நாடுன்னு சொல்லுங்க பாஸ்டர்."

"கிழக்கால பாண்டிச்சேரி கூடத்தான் இருக்குது."

எழில் சிரித்துவிட்டாள். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரையும் செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு முறை, நாட்டின் பெயரைச் சொன்னாள். பலன் உடனே தெரிந்தது. பெண்கள் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். மாதக் கடைசியில் அதை விற்றுக் காசாக்குவார்கள். இனி அந்த அரிசி எழிலுக்கு என்று அங்கேயே முடிவானது.

திரும்பும் வழியில் வீரமணி பைக்கின் வேகத்தைக் குறைத்தான்.

"சொல்லியிருக்க வேணாம்" என்றான்.

"போன் எல்லாம் ஆஃப்ல இருந்துச்சு."

"காது ஆஃப்ல இல்ல."

அந்த நாட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் ஒரு பெண். ஊனமுற்ற குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் வேலை செய்கிறவள். எழிலை அங்கே வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது அவள்தான். தங்கத் தன் வீட்டைத் தருவதாகச் சொன்னவளும் அவள்தான். அவளுக்குள் இருந்த விசுவாசம் அவள் கணவனுக்குக்கூடத் தெரியாது. வாரம் தவறாமல் எழிலுக்குக் குரல்பதிவு அனுப்புவாள். உடைந்த ஆங்கிலம், பின்னணியில் குழந்தைகளின் கூச்சல், நடுநடுவே அவளே சிரிக்கும் சத்தம். எழில் அவளை அக்கா என்றுதான் குறிப்பிடுவாள். பெயர் தெரிந்தவர்கள் எழிலும் வீரமணியும் சங்கத்தில் இரண்டொருவரும். பிறகு பெரியதம்பி.

பெரியதம்பி எழிலின் அப்பா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். இவர் கம்பம் ஏறி மகளைப் படிக்கவைத்தார். அவள் கல்லூரி விடுதியில் தோழி ஒருத்தியுடன் ஜெபத்துக்குப் போய், ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் கத்தவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். வருடக்கணக்கில் அந்த வீட்டில் அப்பா மகளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா மீனம்பாள்தான் சொன்னாள். "எழிலக் கேளு, சாப்டாளான்னு" என்பார், எழில் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

அவருக்கு வலது தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் போனது. சட்டை மாட்ட மீனம்பாள் வேண்டும். விழுப்புரத்தில் ஊசி போட்டுப் பார்த்தும் பலனில்லை. எழில் தினமும் வேலை முடிந்து சிங்கவரம் போய் அவர் தோளைப் பிடித்து அசைத்துப் பயிற்சி கொடுத்தாள். அந்த நேரங்களில் அவள் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அவர் கையை மெல்ல உயர்த்தி, சுவரில் இருந்த சுவிட்சைத் தானே போட்டார்.

"பரவாயில்லையே பாப்பா" என்றார். அவளிடமே சொன்னார்.

அதற்குப் பிறகு பேச்சு வளர்ந்தது. அவள் வெளிநாடு போவது தெரிந்ததும் பெரியதம்பி கேட்ட கேள்விகள் எந்த அப்பாவும் கேட்பவைதான்.

"எந்த நாடு?"

சொன்னாள்.

"அங்க யாரு வூட்ல தங்குவீங்க?"

"ஒரு அக்கா வீட்டுல, நைனா."

"அக்கான்னா? பேரு இன்னா? இன்னா வேல செய்யிறா? ஆளு யாருன்னே தெரியாம பொண்ண அனுப்பச் சொல்றியா?"

எழில் அக்காவின் பெயரைச் சொன்னாள். மையத்தின் பெயரையும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். "நான் யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றார் பெரியதம்பி. அவர் பொய் சொல்லவில்லை. சொல்ல ஆள் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

பேனரை முதலில் பார்த்தது வீரமணி. சிங்கவரம் பிரியும் முனையில், டீக்கடைக்கு மேலே, இரண்டு ஆள் உயரம். நடுவில் வெள்ளைக் கோட்டுடன் எழில். பக்கத்தில் வீரமணி, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். மேலே பறக்கும் விமானம், இரண்டு புறா, ஒரு சிலுவை, அந்த நாட்டின் கொடி. 'கடல் கடந்து ஊழியம் செய்யச் செல்லும் எங்கள் குலவிளக்கே' என்று சிவப்பு எழுத்தில். அதற்குக் கீழே நாட்டின் பெயர், எல்லாவற்றையும்விடப் பெரிதாக. அடியில் வட்ட வட்டமாக உறவுக்காரர்கள். கடைசியில் பெரியதம்பியின் பெயரும் செல்போன் எண்ணும்.

பஜாரில் பேனர் அடிக்கும் ஜெகதீஷ் தன் கைங்கரியத்தைக் குறைவில்லாமல் செய்திருந்தான். "லைன்மேன் அண்ணே, பொண்ணு இன்னாவா போவுது?" என்று கேட்டிருக்கிறான். "ஊழியமாம்" என்று சொல்லியிருக்கிறார் பெரியதம்பி. அந்தச் சொல்லுக்கு ஏற்ற புறாவையும் சிலுவையையும் ஜெகதீஷ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டான். போன் நம்பர் எல்லாப் பேனரிலும் போடுவதுதான்.

எழில் போனபோது பெரியதம்பி பேனருக்குக் கீழே நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. அவரே மாட்டிக்கொண்டது. சுற்றிலும் கூட்டம். மகளைப் பார்த்ததும் ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினார். இவர்தான் சொசைட்டி செயலாளர், இவரு எங்கூட கம்பம் ஏறினவரு. "எம் பொண்ணு" என்றார். மதம் மாறிய மகளை அவர் தெருவில் வைத்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீரமணி அவள் காதருகே, "இப்பவே எறக்கணும்" என்றான்.

"நாளைக்குக் காலைல எறக்கலாம்."

"எழில்."

"இத்தன பேர் எதிர்ல வேணாம். ஒரு ராத்திரிதானே."

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. பாஸ்டர் இளையபெருமாள் அந்த வழியே போனவர், சந்தோஷத்தில் பேனரைப் படமெடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டார். வாக்குக் கொடுத்த சபைகள் அதைப் பகிர்ந்தன. சங்கத்திலிருந்து போன் வந்தபோது படம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பேனரை இறக்கினார்கள். அனுமதி இல்லாமல் வைத்தால் கேஸ் போடுவார்கள் என்று அப்பாவிடம் சொன்னார்கள். "மந்திரி வந்தா மட்டும் வெக்கிறானுங்க" என்று முணுமுணுத்தபடி பெரியதம்பி கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

அந்த வாரம் அக்காவின் குரல்பதிவு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

இதற்கிடையே மற்ற எல்லாம் கூடிவந்தன. பேனர் படத்தைப் பார்த்தே புதுப் பங்காளர்கள் சேர்ந்தார்கள். தயங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய சபை மீதித் தொகை முழுவதையும் ஏற்றது. மாதக்கணக்கில் இழுக்கும் என்று நினைத்த விசா உடனே வந்தது. கூடுதல் கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை. சங்கத்தில் விசாவைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இவ்வளவு சீக்கிரம் அவங்க யாருக்கும் குடுத்ததில்லையே" என்றார். வாழ்த்தவில்லை.

பிறகு அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. குரல் இல்லை, தட்டச்சு. பிழையில்லாத ஆங்கிலம். எல்லாம் தயார், எந்த விமானத்தில் வருகிறீர்கள்? உங்களுக்கு உதவுகிற நண்பர்களின் பெயர்களையும், இங்கே உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்களையும் அனுப்பினால் எல்லோரையும் வரவேற்புக்கு அழைக்க வசதியாக இருக்கும்.

எழில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கேயும் ஒரு பிழை இல்லை. பதில் போடவில்லை.

மறுநாள் பிற்பகல் சிங்கவரம் வீட்டில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீனம்பாள் முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வீரமணி வாசலருகே நின்றிருந்தான்.

"இன்னா பாப்பா, டிக்கெட் போட்டாச்சா?" என்றார் பெரியதம்பி. "அவரு வேற கேட்டுக்கினே இருக்காரு."

"யாரு நைனா?"

"நீ போவப்போற ஆஸ்பத்திரிக்காரருதான். பேனர்ல நம்பர் பாத்துட்டுப் பேசுனாரு. நம்ம தமிழ்தான், கொஞ்சம் படிச்ச தமிழ். ரொம்ப மரியாத. ஐயா ஐயான்னுதான் கூப்புடறாரு."

எழிலின் கை அவர் தோளிலேயே நின்றது. "இன்னா கேட்டாரு?"

"யாரு வூட்ல தங்கப்போறாங்க, ஏற்பாடு சரியா இருக்குதான்னு கேட்டாரு. நான் அந்தப் பொண்ணு பேரச் சொன்னேன். 'அவங்கதானா, எங்களுக்குத் தெரியாமப் போச்சே'ன்னாரு." பெரியதம்பி மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா? அவங்க ஆஸ்பத்திரிதானே?"

வீரமணி உள்ளே வந்தான். "எப்ப மாமா பேசுனாரு?"

"பேனர் வெச்ச ரெண்டு மூணு நாள்ல. அப்புறமும் கூப்ட்டாரு. இன்னிக்கி சாயங்காலம் கூப்புடறேன்னாரு, எழிலு இருந்தா பேசணுமாம்."

மீனம்பாள் மட்டும் மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள்.

வீரமணி எழிலைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனான். "சிம்மை எடுத்துடலாம். பேச வேணாம்."

"பேசலன்னா நைனா சொன்னதுதான் அவங்ககிட்ட இருக்கும்."

"நீ பேசி இன்னா ஆவப்போவுது?"

"அக்கா மேல விழுந்த சந்தேகத்த எடுக்க முடியுதான்னு பாக்கறேன்."

போன் வந்தபோது தெருவில் பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. பெரியதம்பி எண்ணைப் பார்த்துவிட்டு முகம் மலர எடுத்தார். "இருக்குது, இருக்குது, பக்கத்துலதான்" என்று மகளிடம் நீட்டினார். எழில் ஸ்பீக்கரில் போட்டாள். என்ன கேட்கப் போகிறார்கள் என்பதற்கு வீரமணியும் சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"வணக்கம் எழில் மேடம். எப்ப வர்றீங்க?"

"நான் வரல சார். அப்பா உங்ககிட்ட ஏதோ தப்பா சொல்லியிருக்காரு. வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், அவ்ளோதான். எனக்கு அங்க யாரையும் தெரியாது."

"யாரையும்?"

"யாரையும்."

அந்தப் பக்கம் காகிதம் புரள்வதுபோல் ஒரு சத்தம். அந்த மனிதர் அக்காவின் பெயரை முழுதாக, அவளுடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். "இவங்களையும் தெரியாதா?"

"தெரியாது."

"ஆனா அவங்களுக்கு உங்களைத் தெரியுது மேடம். பக்கத்துலதான் இருக்காங்க. ஒரு வார்த்தை பேசறீங்களா?"

போனுக்குள் ஒருவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அந்த மனிதருடையதா, வேறு யாருடையதா என்று சொல்ல முடியாது. எழில் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாரம் தவறாமல் அவள் கேட்ட சிரிப்பில் ஒரு துளி வந்திருந்தால்கூட அடையாளம் தெரிந்திருக்கும்.

"தெரியாதவங்ககிட்ட நான் இன்னா சார் பேசறது?" என்றாள்.

"சரி மேடம்" என்றார் அவர், அதே மரியாதையோடு. வைத்துவிட்டார்.

பெரியதம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம் பாப்பா இப்டிப் பேசுனே? அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? ஒனக்காக வூடு குடுத்த பொண்ணு."

எழில் அவர் போனின் பின்மூடியைத் திறந்து சிம்மை எடுத்து வீரமணியிடம் கொடுத்தாள். பிறகு அப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட தோளை மறுபடி பிடித்தாள். "கையத் தூக்கு நைனா" என்றாள். "இன்னும் மேல."