ஐந்தாம் நம்பர் கைப்பட்டை

உமாசங்கருக்குக் கதை விட வராது. கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளில் வேலை செய்கிறவர்களுக்காகப் பாதுகாப்புக் கருவி செய்யும் ஆராய்ச்சிக்காரன் அவன். அளந்து பார்க்காத எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டான். அப்பேர்ப்பட்டவன் இதைச் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பயம் இல்லை, வெட்கம். அதனால்தான் நான் நம்பினேன். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது பட்டப்பகலில், ஐந்தருவியில், சீசன் கூட்டத்துக்கு நடுவில்.

அவன் செய்த கருவி ஒரு கைப்பட்டை. மேடையில் இருப்பவர் கட்டிக்கொள்ள வேண்டும். தவறிக் கடலில் விழுந்தால், தண்ணீரையும் நாடித்துடிப்பையும் வைத்து அது கண்டுபிடித்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். திரையில் பட்டையின் நம்பரும் 'ஆள் கடலில்' என்ற எழுத்தும் வரும். சென்னையில் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தாயிற்று. அலை அடிக்கிற மாதிரித் தண்ணீர் வேண்டும் என்றதும், தென்காசிக்காரனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? ஐந்து பட்டைகளோடு ஊருக்கு வந்துவிட்டான்.

அவன் சித்தப்பா மகன் முத்துகுமரனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் போனார்கள். ஐந்தாவது உபரி. உறை பிரிக்காமல் பெட்டிக்குள் கிடந்தது. உமாசங்கரும் கூட வேலை பார்க்கும் ஷமீம் பானுவும் டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் கட்டுப்பாட்டு அறைத் திரைக்குப் பதிலாக ஒரு டேப்லெட்டோடு உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்து மேலதிகாரி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பிசகினால் மேடையில் சோதிக்கிற வாய்ப்பு கை நழுவிவிடும். மூன்று வருட உழைப்பு அதோடு போச்சு.

நான்கு பட்டைகளும் ஒழுங்காக அடித்தன. மேலதிகாரி தலையாட்டினார்.

அப்போது இன்னொரு மணி.

'5. ஆள் கடலில்.'

"சார், அஞ்சு பெட்டிக்குள்ளதான இருக்கு?" என்றாள் ஷமீம்.

உமாசங்கர் நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். பெட்டியைத் திறந்தான். உறை பிரியவில்லை. ஆனால் உள்ளே பட்டை நனைந்திருந்தது. உறையைக் கிழித்து விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

மணி மறுபடி அடித்தது. திரையில் நாடித்துடிப்பு ஓடியது. வேகமாக... மிக வேகமாக...

"ஏலே உமா," முத்துகுமரன் அருவிக்குள்ளிருந்து கத்தினான். "என்னலே சத்தம்?"

உமாசங்கர் நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் எண்ணெய் தேய்த்த உடம்பும் துண்டுமாக நிற்கிறார்கள். அருவியின் கடைசிக் கிளைக்குக் கீழே ஒருவன் மட்டும் ஆரஞ்சு நிற முழு அங்கியும் பூட்ஸுமாக, பாறையைப் பார்த்து நின்றான். அவன் மேல் விழுந்த தண்ணீர் தெறிக்கவே இல்லை.

"ஷமீம், அங்கன பூட்ஸோட நிக்கது யாரு?"

"எங்க சார்? அங்க யாரும் இல்லையே."

பூட்ஸ் போட்டவன் திரும்பினான். வாய் திறந்திருந்தது. வாய் நிறையத் தண்ணீர். கையைத் தூக்கினான்... மணிக்கட்டில் பட்டை.

மணி அடித்தது.

"அங்க என்ன சத்தம்?" என்றார் மேலதிகாரி.

"ஒண்ணுமில்ல சார். உபரிப் பட்டைல சின்னக் கோளாறு."

அமுக்கினான்.

அடித்தது.

அமுக்கினான்.

துடிப்பு குறைந்தது... குறைந்தது... நின்றது.

அருவியில் யாரும் இல்லை.

பார்த்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கூச்சம். வேலை கெட்டுவிடுமோ என்ற பயம் அதற்கு மேல். சோதனைப் பதிவிலிருந்து ஐந்தாம் நம்பரை அழித்தான். மேடைக்குப் போகும் செயல்முறைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தான்: ஒரே ஒரு பட்டை தனியாக ஒலித்தால் கோளாறு என்று கொண்டு மணியை நிறுத்தலாம்.

"கடல்ல விழுதவரு தனியாத்தான சார் விழுவாரு?" என்று ஷமீம் கேட்டாள்.

"அத அப்புறம் பாப்போம்," என்றான். பார்க்கவில்லை.

பட்டைகள் மேடைக்குப் போயின. அடுத்த மாதமே ஒரு தொழிலாளி கடலில் விழுந்தார். பெயர் தளவாய், கடையத்துக்காரர். உடல் கிடைக்கவில்லை. பட்டையைக் கழற்றி வைத்திருப்பார், அதனால் மணி அடிக்கவில்லை என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, போய்த் துக்கம் கேட்டுவிட்டு வா," என்று அலுவலகம் உமாசங்கரை அனுப்பியது.

கடையத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான். ஆரஞ்சு அங்கி. அதே முகம்.

தளவாயின் மனைவி காளீஸ்வரி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அழுது தீர்ந்த முகம்.

"அடுத்த லீவுல பிள்ளைகள ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு சார். அவரு இதுவரைக்கும் அங்கன போனதே இல்ல. தண்ணின்னா பயம்."

உமாசங்கர் டேப்லெட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"புதுசா சேந்தவருன்னு பெட்டில மிச்சம் இருந்தத குடுத்தாங்களாம். அஞ்சாம் நம்பரு. ராத்திரி தூங்கும்போதும் கழட்ட மாட்டேன்னு போன்ல சொன்னாரு. அப்படிப்பட்ட மனுசன் கழட்டி வச்சாருங்காங்க... கவனமில்லாம செத்தாருன்னு ஊரே பேசுது. நீங்க சொல்லுங்க சார். மணி அடிச்சிச்சா?"

அவனுக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அறைப் பதிவை அவன் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். மூன்று முறை அடித்திருக்கிறது. மூன்று முறையும் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், அவன் எழுதிக் கொடுத்தபடியே.

சொல்ல வாய் எடுத்தான். தன்னை அப்போது தடுத்தது வெட்கம் மட்டும்தானா என்று என்னிடம் கேட்டான்.

அப்போது மடியில் இருந்த பைக்குள் மணி அடித்தது.

டேப்லெட்டை வெளியே எடுத்தான். ஐந்தாம் பட்டை கடலுக்கு அடியில், தளவாயின் கையில் இருக்கிறது.

'5. ஆள் கடலில்.'

துடிப்பு ஓடியது... வேகமாக...

காளீஸ்வரி எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

உமாசங்கரின் விரல், அவன் நினைப்பதற்கு முன்னாலேயே, போய்ப் பொத்தானை அமுக்கியது.

மணி நின்றது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கனயும் இப்படித்தான் அமுக்குனாங்களா சார்?" என்று கேட்டாள்.